டிரைவர் துரை வீட்டுச் செண்பகம்

தாவரவியல் துறையில் செய்முறை சொல்லித்தரும் டெமான்ஸ்ட்ரேட்டர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. உங்களிடம் குளிர்பதனப் பெட்டி இருக்கிறது. செய்முறைத் தேர்வுக்கு வேண்டிய பூவை முதல் நாளே வாங்கி உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகிறீர்கள். எங்கள் காலத்தில் தேர்வுக்கு முன் நிம்மதியாக இருந்தவர்கள் மாணவர்கள் மட்டும்தான். அவர்களிலும் படிக்காதவர்கள்தான்.

நான் வேலை பார்த்த கல்லூரி ராயபுரத்தில், ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு பக்கம் துறைமுகத்து நிலக்கரி, மறுபக்கம் கொருக்குப்பேட்டை யார்டின் எஞ்சின் புகை. நடுவில் நாங்கள் பூவை வைத்துக்கொண்டு பாடம் நடத்தினோம். ஒரு வருடம் பாதி வகுப்பு செம்பருத்தி இதழில் கரும்புள்ளிச் சுரப்பிகள் இருப்பதாக எழுதி, அவற்றை அழகாகப் படமும் போட்டிருந்தது. அத்தனையும் கரித்தூள். அதற்கு மார்க் குறைக்க எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகள் கண்ணால் பார்த்ததைத்தானே எழுதியிருந்தார்கள்?

பிளேடு பிடிக்கவும் மைக்ராஸ்கோப்பைத் திருப்பவும் உங்களுக்கு யாராவது சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். தேர்வு நாள் காலையில் எல்லாம் தலைகீழாகப் போகும்போது என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லித்தர மாட்டார்கள். அதற்குத்தான் இந்தச் செண்பகப் பூவின் கதை. ஐம்பதுகளின் நடுவில் ஒரு செப்டம்பர் மாதம் நடந்தது. அப்போது நான் வேலைக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை.

செப்டம்பர் தேர்வு என்றால் மார்ச்சில் தவறியவர்களுக்கான தேர்வு. எங்கள் கல்லூரியில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவன் அந்தோணி. காசிமேட்டுப் பையன், அப்பா துறைமுகத்தில் பாரம் தூக்கும் விஞ்ச் ஓட்டுபவர். இன்டர்மீடியட்டில் மற்ற எல்லாப் பாடத்தையும் தாண்டிவிட்டவன், தாவரவியல் செய்முறையில் மட்டும் இரண்டு தடவை கவிழ்ந்திருந்தான்.

மந்தமான பையன் என்று நினைத்துவிடாதீர்கள். அவனுக்கு வியாதியே ஞாபகசக்திதான். ஒரு விஷயம் ஒருமுறை காதில் விழுந்தால் போதும், கோயில் ஜெபம் மாதிரி கடகடவென்று ஒப்பிப்பான். ஆனால் செய்முறைத் தேர்வில் ஒப்பிக்க ஒன்றுமில்லை. கையில் ஒரு பூவைக் கொடுப்பார்கள். அதைப் பிரித்து, அறுத்து, பார்த்ததைப் பார்த்தபடி எழுதி, இன்ன குடும்பம் என்று காரணத்தோடு சொல்ல வேண்டும். அந்தோணி பூவைப் பார்க்கவே மாட்டான். முதல் தடவை ஊமத்தம்பூ கொடுத்தார்கள். செம்பருத்தியை வர்ணித்துவிட்டு வந்தான். இரண்டாம் தடவை அவரைப்பூ. அதற்கும் செம்பருத்திதான்.

"ஏண்டா இப்படிச் செய்தாய்?" என்று கேட்டேன்.

"செம்பருத்திதான் மிஸ் எனக்கு முழுசாத் தெரியும்" என்றான்.

திருவொற்றியூரில் ஒரு சோப்பு ஆலையின் பரிசோதனைக்கூடத்தில் அவனுக்கு வேலை பேசி வைத்திருந்தார்கள். இன்டர்மீடியட் தேறியிருக்க வேண்டும், செப்டம்பரிலும் தேறாவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம் என்று ஆலைக்காரர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அதை விட்டால் அவனுக்குத் துறைமுகத்தில் கரிக்கூடைதான். கூடை தூக்கித் தூக்கி முதுகு போனபிறகுதான் தான் விஞ்சுக்கு மாறியதாக அவன் அப்பா என்னிடமே வந்து சொன்னார். "எப்டியாச்சும் கரையேத்திடும்மா" என்று அந்தப் பெரிய மனிதர் என் முன்னால் கைகூப்பி நின்றது எனக்குப் பிடிக்கவே இல்லை. அந்தச் சங்கடம் தேர்வு முடியும்வரை என்னோடேயே இருந்தது.

இனி எங்கள் துறையின் ஒரு சம்பிரதாயத்தைச் சொல்ல வேண்டும். என்ன பூ கொடுப்பது என்று பல்கலைக்கழகத்திலிருந்து துறைத்தலைவருக்கு மட்டும் முன்கூட்டி ரகசியமாகத் தகவல் வரும். அந்தப் பூவின் பெயரைக் கல்லூரி வளாகத்துக்குள் யாரும் உச்சரிக்கக் கூடாது. எனக்கே தேர்வு நாள் காலையில்தான் தெரியும். எங்கள் துறைத்தலைவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். தங்கமான மனிதர், ஆனால் நிழலைக் கண்டாலும் பயப்படுவார். பூ வாங்கிவரும் அட்டெண்டரை ஸ்டோர் ரூமுக்குள் அழைத்துக் கதவைச் சாத்தி, காதோடு காதாக ஒரே ஒரு தடவை பெயரைச் சொல்வார். கூடையைத் தேர்வன்று காலைவரை திறக்கக் கூடாது என்பதும் அவர் உத்தரவு.

அட்டெண்டர் வரதராஜுலு வீட்டில் தெலுங்கு பேசுபவர். அந்த வருடம் வந்தது செண்பகம். அட்டெண்டருக்குச் சந்தேகமே வரக் கூடாது என்று துறைத்தலைவர் ரொம்பவும் யோசித்து, அவருடைய வீட்டுப் பாஷையிலேயே சொல்லியிருக்கிறார்.

"வரதராஜுலு, சம்பங்கி. புரிஞ்சுதா?"

"நல்லாப் புரிஞ்சுது சார்."

தெலுங்கில் சம்பங்கி என்றால் செண்பகம்தான். இரண்டு பேர் மனத்திலும் ஒரே மஞ்சள் பூதான் இருந்தது. இரண்டு பேரும் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். வரதராஜுலு நேராக மார்க்கெட்டுக்குப் போய்ப் பூக்காரம்மாவிடம் கூடையைக் கொடுத்து, "காலேஜுக்குச் சம்பங்கி, நல்லா நெறைய வை, மேல ஈரச்சாக்கு போட்டு மூடு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். பூக்காரம்மா தமிழ்க்காரி. தமிழில் சம்பங்கி என்றால் என்ன என்று உங்களுக்கே தெரியும். மாலைக்குக் கட்டும் வெள்ளைப் பூ. அவள் அதைக் கூடை நிறைய வைத்தாள்.

எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொல்லி எல்லாரும் ஒன்றுபோலத் தலையாட்டும்போது கொஞ்சம் பயப்படுங்கள். சண்டை வந்திருந்தால் பூ சரியாக வந்திருக்கும்.

தேர்வன்று காலை, பூ செண்பகம் என்று தெரிந்ததும் நான் முதல் வேலையாகப் போய்ச் சாக்கை விலக்கினேன். கூடை நிறைய வெள்ளை வெளேரென்று சம்பங்கி. வாசனை மூக்கைத் துளைத்தது.

"ஏன் வரதராஜுலு, இந்த வாசனைகூடவா தெரியவில்லை?" என்றேன்.

"பஸ்ஸுல கருவாட்டுக் கூடைக்குப் பக்கத்துல வச்சுகினு வந்தேன் மிஸ்ஸு, அதுல எங்க தெரியும்?" என்றவர் கூடைக்குள் எட்டிப் பார்த்தார். "எங்க வூட்ல சம்பங்கின்னா மஞ்சாக் கலர்ல கீது. இது இன்னாத்துக்கு வெள்ளையா கீது?"

துறைத்தலைவர் வந்தார், பார்த்தார், ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பூவை மாற்றும் அதிகாரம் வெளியிலிருந்து வரும் தேர்வாளருக்கு இருந்தது. ஆனால் அவரிடம் போய் விஷயத்தைச் சொல்ல வேண்டும். அந்த முறை வருகிறவரோ மாணவர்களைவிட ஆசிரியர்களை அதிகம் அழவைத்தவர் என்று பெயர் வாங்கியவர். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன்; பெயரைக் கேட்டால் எழுந்து நிற்கும் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

"அவர்கிட்ட சொல்றதுக்கு நான் கடல்ல போய் விழலாம்" என்றார் துறைத்தலைவர். கடல் பக்கத்திலேயே இருந்ததால் எனக்குக் கவலையாகத்தான் இருந்தது. அப்புறம் அவர் முகம் திடீரென்று மலர்ந்தது. "வரதராஜுலு, நீர் இந்தக் கூடையைக் கொண்டுபோய் மாலையாக் கட்டிண்டு வாரும். தேர்வாளருக்குப் போட்டுடலாம். தடயமே இருக்காது." பிறகு என் பக்கம் திரும்பினார். "அம்மா, நீ உள்ளூர்க்காரி. எங்கேயாவது செண்பகம் கிடைக்குமா பார்."

எங்கள் பக்கத்து உப்புக்காற்றில் செண்பகம் அபூர்வம். எனக்குத் தெரிந்து ஒரே மரம்தான் இருந்தது. மாதா கோயிலுக்கு அடுத்த தெருவில், ஓய்வுபெற்ற ஆங்கிலோ இந்திய ரயில் டிரைவர் ஒருவரின் வீட்டு வாசலில். தெருவே அவரை டிரைவர் துரை என்றுதான் கூப்பிடும். பூத் திருட வருகிறவர்களை விரட்ட அவர் நாய் வளர்க்கவில்லை. ரயில்வே விசில் ஒன்றைக் கழுத்தில் மாட்டியிருந்தார். அதை ஊதினால் தெருவே ஓடிவரும். மாலை கட்டும் வேலையை மனைவியிடம் கொடுத்துவிட்டு வந்த வரதராஜுலுவைக் கூட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

டிரைவர் துரை கேட்டுக்கு உள்ளே நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார். வாழ்நாள் முழுக்க, எஞ்சினில் கரி அள்ளிப்போடும் ஃபயர்மேன்களோடு பேசிப் பேசி அவருக்கு எங்கள் பேட்டைத் தமிழ் அத்துப்படி.

"பூவு வோணுமா? எல்லாரும் திருடறான், நீ கேக்கறே. நல்ல பொண்ணு. ஆனா மொதல்ல ஒரு பதில் சொல்லு மிஸ்ஸி. காலேஜ்ல பாட்டனி சொல்லிக்குடுக்கறேன்னியே, இந்த மரம் மக்னோலியாவா இல்லியா?"

வராந்தாவிலிருந்து அவர் மனைவி எமிலி அம்மாள் குரல் கொடுத்தார். "அது செண்பகம்! கல்யாணம் ஆன நாளா சொல்லிகினு கீறேன். தலையில வைக்கிற பூவுக்கு மக்னோலியாவாம் மக்னோலியா!"

அந்த வீட்டில் இதுதான் நிரந்தரச் சண்டை என்று புரிந்தது. ஒருவர் பக்கம் பேசினால் மற்றவர் பூ தரமாட்டார். நல்லவேளையாக உண்மை இருவருக்கும் பொதுவாக இருந்தது. அன்றைய புத்தகங்களில் அந்த மரத்துக்குப் பெயர் மிச்சேலியா. குடும்பத்துக்குப் பெயர் மக்னோலியா. (பிற்பாடு அறிஞர்கள் மிச்சேலியாவை எடுத்துவிட்டு மரத்தையே மக்னோலியா என்று எழுத ஆரம்பித்துவிட்டார்கள். டிரைவர் துரை அதுவரை இருந்திருந்தால் அன்று முழுக்க விசில் ஊதியிருப்பார்.)

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "மிஸ், பூவு பறிக்கணுமா? நான் ஏறட்டா?"

அந்தோணி. பரீட்சைக்கு முன்னால் மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வெளியே வந்திருக்கிறான். தேர்வுப் பூவைத் தேர்வு எழுதுகிறவனே பறிப்பதா!

"வேண்டாம், நீ காலேஜுக்குப் போ" என்றேன்.

"இன்னும் எவ்ளோ நேரம் கீது மிஸ்! வரதராஜுலு அண்ணனால ஏற முடியாது, முட்டி வீங்கிக் கீது பாரு" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் சுவரில் கால்வைத்து மரத்துக்குள் மறைந்துவிட்டான். காசிமேட்டுப் பையன், பாய்மரம் ஏறிப் பழகிய உடம்பு.

சரி, என்ன பூ என்று தெரிந்தால் போகட்டும், அதன் விவரம் தெரியாதவரை மோசமில்லை என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். டிரைவர் துரையிடம் மெதுவாக, "மரத்தின் பெயர் செண்பகம். ஆனால் மக்னோலியாக் குடும்பத்தைச் சேர்ந்தது" என்றேன்.

"இன்னா?"

கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.

"சத்தமா சொல்லு மிஸ்ஸி! எஞ்சின் சத்தத்துல காது ரெண்டும் போச்சு!"

கத்தினேன். அவர் முகம் பூரித்தது. ஆனாலும் விடவில்லை. "குடும்பம்னு எத்த வச்சு சொல்றே? காட்டு. அவ நம்பணும்ல?"

மேலே கிளை அசைந்தது. முதல் பூ விழுந்தது. டிரைவர் துரை அதை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுக் கைகட்டி நின்றார். வகுப்பில் எனக்கு அப்படி ஒரு மாணவன் கிடைத்ததே இல்லை. பதில் சொல்லாமல் பூ கிடைக்காது. சொன்னால் மரத்திலிருக்கிற ஞாபக இயந்திரம் அத்தனையையும் விழுங்கிவிடும். பத்துப் பன்னிரண்டு பேருடைய தேர்வு ஒரு பக்கம், ஒருவனுடைய தேர்வு இன்னொரு பக்கம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசியில் வாய்தான் ஓடியது.

"இதோ பாருங்கள்! வெளியே பச்சைப் புல்லி இதழ், உள்ளே வண்ண அல்லி இதழ் என்று மற்றப் பூக்களில் இருப்பதுபோல இதில் பிரிவு கிடையாது! எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன! மூன்று மூன்றாக அடுக்கு!"

"ஏய் எமிலி, கேட்டியா? எல்லாம் ஒண்ணாம்!"

"எனக்குக் காது நல்லாத்தான் கீது!" என்றார் எமிலி அம்மாள். சொல்லிக்கொண்டே வராந்தாவை விட்டு இறங்கி அருகில் வந்துவிட்டார்.

"மகரந்தத் தாள்கள்! எண்ணவே முடியாது! ஒரே வட்டமாக இல்லாமல் நடுத்தண்டைச் சுற்றித் திருகு மாதிரி ஏறுகின்றன! அவற்றுக்கு மேலே சின்னதாக ஒரு காம்பு! அதற்கும் மேலே சூலிலைகள்! தனித்தனியாக, கதிர் மாதிரி!"

"பழைய காலத்துப் பூவா மிஸ்ஸி இது?"

"மிகப் பழைய குடும்பம்! தேனீக்கள் வருவதற்கு முன்பே இந்தக் குடும்பத்துப் பூக்கள் வந்துவிட்டன என்கிறார்கள்! அப்போது இவற்றுக்கு மகரந்தம் சுமந்தவை வண்டுகள்!"

டிரைவர் துரை தொப்பியைக் கழற்றினார். "எஞ்சின் வர்றதுக்கு முன்னாடி மாட்டுவண்டி சரக்கு இழுத்த மாதிரி" என்று மனைவிக்கு விளக்கினார். எமிலி அம்மாள் பூவையும் அதோடு ஒடிந்து வந்த குச்சியையும் வாங்கிப் பார்த்துவிட்டு, "கணு சுத்தி மோதிரம் போட்ட மாதிரி ஒரு கோடு கீதே, அது இன்னா?" என்று கேட்டார். அதையும் கத்தினேன். இலைமொட்டை மூடியிருந்த உறை விழுந்த தழும்பு அது, இந்தக் குடும்பத்துக்கு அது ஒரு முக்கிய அடையாளம் என்று. தொண்டை கட்டிவிட்டது. மொத்தத்தில் முழு மார்க் விடை ஒன்றை ராயபுரத்துத் தெருவில் நின்று, தேர்வு எழுதப்போகிறவனின் தலைக்குக் கீழே, ஊருக்கே கேட்கும்படி சொல்லி முடித்தேன். மரத்தில் இலைகூட அசையவில்லை.

அந்தோணி சட்டைக்குள் பூக்களைப் போட்டுக்கொண்டு இறங்கினான். கல்லூரிக்கு நடக்கும்போது முன்னால் போய்க்கொண்டிருந்தான். உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. எனக்கு அந்த அசைவு நன்றாகத் தெரியும்.

வரதராஜுலு என் பக்கத்தில் வந்து சொன்னார்: "வுடு மிஸ்ஸு. நாம ஒண்ணும் சொல்லிக் குடுக்கலியே. மரத்துமேல இருந்தான், காதுல வுழுந்துச்சு. பாஸ் ஆயிட்டுப் போட்டும்."

துறைத்தலைவரிடம் சொன்னேன். அவர் பூக்களை எண்ணிப் பார்த்து மகிழ்ந்தவர், மீதிக் கதையைக் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டார். "நீ எங்கிட்ட ஒண்ணும் சொல்லலை, நான் ஒண்ணும் கேக்கலை" என்றார்.

தேர்வாளர் வருவதற்கு முந்திய அந்தக் கால்மணி நேரம் நான் பட்ட பாட்டை வேறு எந்த நாளும் பட்டதில்லை. அவன் அப்பா கைகூப்பி நின்றது கண்ணில் வந்து வந்து போயிற்று. பேசாமல் இருந்தால் பையனுக்குச் சோப்பு ஆலை. யாருக்கும் தெரியப்போவதுமில்லை. ஆனால் மற்றப் பிள்ளைகளும் மார்ச்சில் தவறியவர்கள்தானே? அவர்களுக்கு மரத்தடிப் பாடம் யார் நடத்தினார்கள்? அவர்கள் எல்லாரும் ஆய்வுக்கூடத்தின் வாசலில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். அதைப் பார்த்த பிறகு என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

வெளித் தேர்வாளர் பீச் ஸ்டேஷனிலிருந்து ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர். துறைத்தலைவர் அவர் கழுத்தில் போட்ட சம்பங்கி மாலை முழங்கால்வரை தொங்கியது. கூடைப் பூவையும் தீர்க்க வேண்டுமே! வரதராஜுலுவின் மனைவி கை சலிக்காமல் கட்டியிருந்தார்.

"எனக்கு எதற்கு இவ்வளவு பெரிய மாலை?" என்றார் தேர்வாளர். குரலில் சந்தேகம்.

"மரியாதைக்கு" என்றார் துறைத்தலைவர். அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

நான் முன்னால் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சம்பங்கி, செண்பகம், டிரைவர் துரை, செவிட்டுக் காது, மரத்தில் அந்தோணி, எல்லாவற்றையும். தொண்டை கட்டியிருந்ததால் பாதி காற்றாகத்தான் வந்தது. துறைத்தலைவர் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தேர்வாளர் ஒரு கேள்விதான் கேட்டார். "அந்தப் பையன் முன்பு எதில் தவறினான்?"

"பூவைப் பார்க்காமல் மனப்பாடத்தை எழுதித் தவறினான் ஐயா."

அவர் கொஞ்ச நேரம் மாலையைத் தடவிக்கொண்டிருந்தார். சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவருடைய மீசை அந்த மாதிரி. "எல்லாருக்கும் செண்பகம் கொடுங்கள்" என்றார். "அவனை ஓரத்து மேசையில் உட்கார வையுங்கள். அவனுடைய பூவை நான் கொடுக்கிறேன்."

தேர்வு ஆரம்பித்தது. மற்றவர்கள் மேசையில் மஞ்சள் பூக்கள். அந்தோணி அதைப் பார்த்ததும் அவன் முகம் விளக்கு ஏற்றிய மாதிரி ஆயிற்று. தேர்வாளர் அவன் அருகில் போனார். தம் கழுத்து மாலையிலிருந்து சம்பங்கிப் பூக்களைக் கொத்தாக உருவி அவன் முன்னால் வைத்தார். "இது உன்னுடையது" என்று மட்டும் சொன்னார். அந்தோணி அந்த வெள்ளைப் பூவையும் மஞ்சள் பூவையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான்தான் காட்டிக்கொடுத்தேன் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. வந்ததை மறைக்கக் கண்ணாடிக் குப்பிகளைத் துடைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் மேசைப் பக்கமாகப் போய் எட்டிப் பார்த்தேன். முதல் வரி: 'புல்லி, அல்லி என்ற பிரிவு இல்லை. இதழ்கள் எல்லாம் ஒன்றுபோல் உள்ளன. மூன்று மூன்றாக அமைந்துள்ளன.' மரத்தடியில் நான் கத்தியது வரிசைகூட மாறாமல் அப்படியே இருந்தது. செம்பருத்தி போய் இப்போது செண்பகம் வந்துவிட்டது, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

ஆனால், பிள்ளைகளே, இங்கேதான் வேடிக்கை. சம்பங்கிக்கும் அந்த வரி சரிதான்! அதிலும் புல்லி, அல்லி பிரிவு இல்லை. அதிலும் மூன்று மூன்றாக ஆறு இதழ். இரண்டும் ஒன்றுக்கொன்று உறவே இல்லாத குடும்பங்கள், இருந்தும் இந்த ஓர் இடத்தில் ஒரே முகம். அவன் பார்த்து எழுதினானா, ஒப்பித்து எழுதினானா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தேர்வாளருக்கும் தெரிந்திருக்காது. அடுத்த வரிக்காக அவர் அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

அடுத்த வரி மகரந்தத் தாள். அந்தோணி பென்சிலைக் காகிதத்தில் வைத்தான். உதடு அசைந்தது. 'எண்ணவே' என்று ஆரம்பிப்பது எனக்கே தெரிந்தது. பென்சில் நின்றது. அவன் பிளேடை எடுத்து, பூவின் குழலை நீளவாக்கில் கீறி, விரித்து, மூக்குக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தான். விரல் வைத்து எண்ணினான். திரும்ப எண்ணினான். இன்னொரு பூவை எடுத்துக் கீறி அதிலும் எண்ணினான். பிறகு 'ஆறு' என்று எழுதினான்.

அதற்கப்புறம் அவன் உதடு அசையவில்லை. சூலகத்தைக் குறுக்கே அறுத்தான், மூன்று அறை என்று எழுதினான். அது இதழ்களுக்குக் கீழே இருக்கிறது என்றும் எழுதினான். குடும்பத்தின் பெயரில் மட்டும் ஓர் எழுத்துப் பிழை விட்டிருந்தான். அந்தப் பெயரை அவன் அதிகம் மனப்பாடம் செய்ததில்லை.

கடைசியில் வாய்மொழிக் கேள்வி. தேர்வாளர் மாலையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு அவனைக் கூப்பிட்டார்.

"செண்பகத்தைப் பற்றி உனக்கு முழுக்கத் தெரியுமாமே?"

"தெரியும் சார்." அந்தோணி மூச்சுவிடாமல் ஒப்பித்தான். திருகு மாதிரி ஏறும் தாள்கள், அதற்கு மேல் காம்பு, கணுவில் மோதிரத் தழும்பு, தேனீக்கு முந்திய வண்டு, ஒன்று விடவில்லை. "எஞ்சினுக்கு முன்னாடி மாட்டுவண்டி" என்பதைக்கூடச் சேர்த்துச் சொன்னான். எனக்குத் தரையில் புதைந்துவிடலாம் போல இருந்தது.

"இவ்வளவு தெரிந்தவன் அதை ஏன் காகிதத்தில் எழுதவில்லை? மகரந்தத் தாள் எண்ணற்றவை என்று எழுதியிருக்கலாமே?"

அந்தோணி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான். இவ்வளவு பெரிய மனிதருக்கு இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

"காதுல கேட்டது அந்தப் பூவு சார்" என்றான். "கையில கீறது இந்தப் பூவு."

தேர்வாளர் பேனாவைத் திறந்தார். மார்க் போடும்போது யாரும் பார்க்கக் கூடாது என்பது விதி. ஆனால் அவர் காகிதத்தை மறைக்கவில்லை. எட்டிப் பார்த்தேன்; இனி அவனுக்குக் கரிக்கூடை இல்லை.